கொலைகாரனை முதலில் சொல்பவர்

அக்காவுடைய பாணியில் சொல்வதென்றால் முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும். தங்கை இறந்துவிட்டார். அக்கா நோர்வேக்குத் திரும்பிப் போய்விட்டார். கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் அவர் இருந்த சில வருடங்களில் அவரைத் தெரிந்துகொண்டவர்களில் பாதிப்பேர் அவரோடு கோபம். மீதிப்பேருக்கு அவர்மேல் பயம். எனக்கு இரண்டும் இல்லை. அவரை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, பிறகுதான் கண் கலங்குகிறது. இனி, எப்படி என்பதைச் சொல்லலாம்.

அவர் நோர்வே மொழியில் கொலைக்கதை எழுதுகிறவர். ஒன்றிரண்டு அல்ல, அலுமாரித் தட்டொன்று நிறையும் அளவுக்கு எழுதியவர். அவருடைய நாவல்கள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று இருக்கும். அதற்குப் பிறகு வாசிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன்.

“ஆர் செய்தது எண்டு தெரிஞ்சால்தான் சனம் ஆறுதலாய் வாசிக்கும், பிள்ளை. இல்லாட்டிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடத்தான் பாக்கும்.”

நான் டயாலிசிஸ் நேர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தமாக்கி உடம்புக்குள் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. ஒரு ஆள் வாரத்தில் மூன்று நாள் வந்து, ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலமளவில் ஒரே கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும். அக்காவின் தங்கை எங்களிடம் அப்படி வந்தவர்தான். அவரை நாங்கள் சின்னக்கா என்போம். ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நானும் அவர்களும் ஒரே டவுன்ஹவுஸ் வரிசையில் இருந்தபடியால் அவர்கள் வீட்டு வெப்பமும் குளிரும் எனக்குத் தெரியும்.

அக்கா தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று சொல்லி வந்தார். வந்த முதல் நாளே தங்கையின் போர்வைப் பையைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்குள் நுழைந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி, முழங்கால் தொடும் கம்பளிச் சட்டை, காலில் மீன்பிடிக்காரர் போடுவது போன்ற சப்பாத்து. என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. “இவளை இந்தக் கதிரையிலை கொண்டுவந்து இருத்தினது ஆர் எண்டு தெரியுமோ?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் சின்னக்காவின் கணவர் காரை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இந்தா வாறார். இந்த மனிசன்தான்.”

“அக்கா, வாயை மூடு,” என்றார் சின்னக்கா.

அந்த மனிதர், காரைச் சரியான இடத்தில் விட்டேனோ தெரியாது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். அவர் ஒரு பிளாசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், கொத்து ரொட்டி, பின்னேரத்தில் இடியப்பம். எல்லோரும் அவரைக் கடை அண்ணை என்பார்கள். உடம்பில் எப்போதும் எண்ணெய் மணக்கும். விடியுமுன் எழும்பிப் போவார். சின்னக்காவுக்கு இளம் வயதிலேயே சலரோகம், இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம். கடையில் கல்லாவில் இருந்தபடி கண்டதையும் சாப்பிட்டார் என்பதும், கேட்டதையெல்லாம் இவர் கொடுத்தார் என்பதும், கடையை விட்டுவர ஆளில்லை என்று டொக்டரிடம் போகவேண்டிய நாட்கள் தவறிப்போயின என்பதும் அக்காவின் குற்றப்பத்திரிகை. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் சலரோகக்காரர் எங்கள் வீடுகளில் எத்தனை பேர், ரோல்ஸ் சாப்பிடாதவர் யார் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அது அவரிடம் எடுபடவில்லை.

“ஒராள் செய்யாமல் ஒண்டும் நடக்காது,” என்பார். அதுதான் அவருடைய வேதம்.

இயந்திரம் அலறினால் நாங்கள் குழாயைப் பார்ப்போம். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். “ஆர் மடக்கினது?” ஒருமுறை ஊழியர்களின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த என் மதியச் சாப்பாடு காணாமல் போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் வாழைப்பழத்தோடு இருந்தேன். அவர் அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரோடும் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, எங்கள் தலைமை நேர்ஸின் முன்னால் போய் நின்றார். “மிளகாய் கூடிப்போச்சோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மாவின் வெள்ளை முகம் தக்காளிப்பழமானது. மறுநாள் எனக்கு ஒரு பெரிய கேக் வந்தது.

பனி விவகாரம் அதைவிடப் பெரிது. எங்கள் வரிசையில் கயானாக்கார மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் அவருடைய வாசலில் யாரோ பனியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் பனி தள்ளும் ஒப்பந்தக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அக்கா குனிந்து பனிக் குவியலைப் பார்த்தார். பனி அள்ளும் சவள் பதிந்த தடத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. நேரே தங்கை வீட்டுக் கராஜுக்குள் போனார். ஒரு மூலை உடைந்த சவளோடு வெளியே வந்தார். கடை அண்ணை விடியுமுன் அரைத் தூக்கத்தில் தன் வாசலைத் துப்புரவாக்கி, பக்கத்து வாசலை மூடிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அன்று பின்னேரம் அவர் வேலையால் வந்து இறங்கியபோது வரிசை முழுவதும் வெளியில் நின்றது.

“எனக்குத் தெரியாமல் நடந்துபோச்சு,” என்றார்.

“உவருக்குத் தான் செய்யிறது ஒண்டும் தெரியாது. அதுதான் பெரிய குற்றம்,” என்றார் அக்கா எங்களைப் பார்த்து. அவரைப் பார்த்துப் பேசுவதே இல்லை. முறை சொல்லியும் கூப்பிடமாட்டார். ‘அந்த மனிசன்’தான். கடை அண்ணை அதற்குப் பிறகு எவ்வளவு பனி கொட்டினாலும் மூதாட்டியின் வாசலைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் தன் வாசலைத் தொட்டார். அதை அக்கா கணக்கில் எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரை எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். ஒரு காரணம், தன்னையும் அவர் விடமாட்டார். நோர்வேயில் ஒரு கப்பல் பொறியியலாளரைக் கட்டி, பிறகு பிரிந்தவர். எங்கள் பெண்கள் சுற்றிவளைத்து விசாரித்தார்கள். “பிழை ஆரில?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

“என்னிலதான். அந்தாள் தங்கம். நான் எழுதேக்கை சாப்பாட்டுக்கும் எழும்பமாட்டன்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அதற்குமேல் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் எழுத்தாளரான கதையை இயந்திரத்தின் அருகில் இருந்துதான் துண்டு துண்டாகக் கேட்டேன். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்தவர். இருபது வயதளவில் நோர்வேக்குப் படிக்கப் போனவர். விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டும் பனிச்சறுக்கும் பழக்கினார்களாம். அது முடிந்ததும் நாட்டின் வட அந்தத்தில், மரமே முளைக்காத மீன்பிடி ஊரொன்றில், கொட் மீன் வெட்டும் ஆலையில் வேலை. அந்த ஊரில் நூலகம் இல்லை. இடைக்கிடை ஒரு பஸ் நிறையப் புத்தகங்கள் வரும். பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்கள் அந்தப் பஸ்ஸில் கொலைக்கதையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள்.

“அவையள் எடுக்கிறதைத்தான் நானும் எடுத்தன். அதாலை எனக்கு முதல் தெரிஞ்ச நோர்வேச் சொல்லெல்லாம் கத்தி, ரத்தம், கைது. கடையிலை பாண் கேக்கத் தெரியாது. பிரேதப் பரிசோதனை எண்டு சொல்லத் தெரியும்.”

அவர் எழுதிய முதல் நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. பாதியிலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது குறை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் நானே சொல்லிவிடுகிறேன் என்று, அடுத்த நாவலின் முதல் வரியிலேயே கொலைகாரனின் பெயரை எழுதி அனுப்பினார். அதுதான் அவரைத் தூக்கிவிட்டது. காலை இழுத்து நடக்கும் ஒரு பெண் பொலிஸ் அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வருவாள். தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்த நாட்டுப் புத்தகக் கடைக் கண்ணாடிகளில் அக்காவின் படம் நிற்கும். மல்வேர்னில் அவர் ‘டயாலிசிஸுக்கு வாற அவவின்ர அக்கா’. எங்களில் ஒருவராலும் அவருடைய ஒரு வரியைக்கூட வாசிக்க முடியவில்லை. ஒருநாள் நான் ஒரு பக்கத்தைக் கைபேசியால் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். ‘மீன் வெட்கப்படவில்லை’ என்று வந்தது. அவரிடம் காட்டினேன். “அது சரியாய்த்தான் இருக்கு,” என்றார்.

நோர்வேயில் ஈஸ்டர்தான் கொலைக்கதைப் பருவமாம். இதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பெரிய வியாழன் வந்தால் சனம் மலையிலிருக்கும் மரவீடுகளுக்குப் போய், பனியில் வெயில் காய்ந்துகொண்டு, தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டபடி கொலைக்கதை வாசிக்குமாம். பால் வாங்கினால் பெட்டியிலும் ஒரு குட்டிக் கொலைக்கதை அச்சடித்திருக்குமாம். ஆகவே அக்காவின் புத்தகங்கள் ஈஸ்டருக்குத்தான் வரும். இங்கே வந்தும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து மற்றப் பெண்கள் கோயில் மண்டபத்தில் கஞ்சிக்கு நிற்க, இவர் ஒரு மூலையில் தோடம்பழமும் கொலைக்கதையுமாக இருந்தார். அட்டையில் இரத்தம் சொட்டும் கோடாரி. சின்னக்கா வெட்கத்தில் தலை குனிந்துகொண்டார். யாரோ போய் ஃபாதரிடம் சொல்லிவிட்டார்கள்.

ஃபாதர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டுதான் வந்தார். “இண்டைக்கும் உதோ, அக்கா?”

“இண்டைக்குத்தான் பொருத்தம், ஃபாதர். நீங்கள் காலமை வாசிச்சதும் ஒரு கொலை வழக்குத்தானே.”

“அப்ப கொலைகாரன் ஆர்? நீங்கள்தான் முதலே சொல்லுற ஆளாச்சே.”

அக்கா வாயைத் திறக்குமுன் ஃபாதர் தானே பதிலும் சொன்னார். “நாங்கள் எல்லாரும்தான்.”

“அது சரிவராது, ஃபாதர். எல்லாரும் எண்டால் பொலிஸ் ஒருத்தரையும் பிடிக்கேலாது.”

ஃபாதர் வாய்விட்டுச் சிரித்து ஒரு தோடஞ்சுளையை வாங்கிச் சாப்பிட்டார். பெண்கள் அக்காவை மன்னிக்க அடுத்த ஈஸ்டர் ஆனது.

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தங்கைக்குக் கொடுக்கத்தான் அவர் கனடா வந்தார். சோதனைகளெல்லாம் செய்தார்கள். அவருக்கு நெடுங்காலமாகப் பிரஷர், சிறுநீரகமும் களைத்துப்போயிருந்தது. எடுக்க முடியாது என்று டொக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். “ஆர் செய்தது?” என்று டொக்டரைக் கேட்டார். டொக்டருக்கு விளங்கவில்லை. வெளியில் வந்து அவரே பதில் சொன்னார். “நான்தான். முப்பது வருசமாய் உப்பு மீன் திண்டன். குளிசை போட மறந்தன். எழுதிக்கொண்டிருந்தன்.” பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, “ஆனால் முதற் குற்றவாளி நானில்லை,” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் வருடங்களாகிவிட்டது. தங்கையின் கதிரைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து அடுத்த நாவலை எழுதத் தொடங்கினார். சின்னக்கா ஒருநாள் சொன்னார்: “நீ எழுதிறது எனக்கு ஒருநாளும் தெரியாது. இருக்கிற நேரத்துக்குத் தமிழிலை சொல்லன். ஆனால் ஆர் கொலைகாரன் எண்டு முதலே சொல்லாதை. சொன்னாயெண்டால் நான் ரீவி பாப்பன்.”

தன் தொழிலையே அவமதித்ததுபோல் அக்கா முகத்தைச் சுழித்தார். ஆனாலும் சொல்லத் தொடங்கினார். திருப்பி அனுப்பப்பட்ட அந்த முதல் நாவலுக்குப் பிறகு, முடிவை மறைத்து ஒரு கதை. திரையில் நோர்வே எழுத்து ஓடும். அவருடைய வாயில் யாழ்ப்பாணத் தமிழ் வரும். வடக்கு மீன்பிடி ஊரில் ஆலையின் பழைய முதலாளி சாப்பாட்டு மேசையில் செத்துக் கிடக்கிறார். தட்டில் பாதி கடித்த ரோல்ஸ். அந்த ஊரில் ரோல்ஸ் விற்பவன் ஒரேயொரு தமிழன். வண்டியில் வைத்து விற்கிறான். விடியுமுன் எழும்புவான். வாய் திறந்து பேசமாட்டான். உடம்பில் எண்ணெய் மணக்கும். ஏதாவது கேட்டால் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவான்.

கேட்டுக்கொண்டு நின்ற நான் சின்னக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கதிரையில் நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் வருவார். தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்தவர். மில்லிக்கனில் மகனோடு இருந்தார். முதலில் நித்திரைபோல் பாசாங்கு செய்து கேட்டார். பிறகு காதுக்கருவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டார்.

“தங்கச்சி, பாதிரியார்ட மனிசியிலை எனக்கு ஒரு கண் இருக்கு. ஆனா எப்பிடிப் பாத்தாலும் அந்த ரோல்ஸ்காரன்தான். பாவம் பொடியன். ஆனா அவன்தான்.”

அக்கா புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை எழுதிவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் தொடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் கடை அண்ணை நேரத்தோடு வந்துவிட்டார். மனைவியின் குளிர்ச் சட்டையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டார். வண்டிக்காரனைப் பெண் பொலிஸ் விசாரிக்கும் கட்டம். அவர் நிற்பதைக் கண்டும் அக்கா நிறுத்தவில்லை. அந்த அதிகாரம் முடிந்தபிறகு அவர் மெல்லக் கேட்டார்.

“அந்த வண்டிக்காரனுக்குப் பிள்ளையள் இருக்கோ?”

“இல்லை,” என்றார் அக்கா, திரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப பரவாயில்லை.”

அவருக்கும் சின்னக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் அவருக்கென்று வேறு உறவும் இல்லை. அவர் குனிந்து சின்னக்காவுக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டார். நான் இயந்திரத்தைத் துடைக்கிற சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பனிக்காலத்தின் கடைசியில் சின்னக்காவின் இருதயம் சொல்வழி கேட்காமல் போயிற்று. இயந்திரத்தில் போட்டால் பிரஷர் விழுந்துவிடும். வார்டில் சேர்த்தார்கள். டொக்டர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னார். அடுத்த நாள் மதிய இடைவேளையில் நான் பார்க்கப் போனபோது கடை அண்ணை தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தார். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தார்.

“கதை இன்னும் எவ்வளவு கிடக்கு?” என்றார் சின்னக்கா.

“ரெண்டு மூண்டு அதிகாரம்.”

“அவ்வளவுக்கு நான் இருக்கமாட்டன். பரவாயில்லை. நீ ஆரைப் பிடிக்கப்போறாய் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

அக்கா திரையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“அவர் இல்லை, அக்கா.”

“அப்ப ஆர்?”

“ஒருத்தருமில்லை. அந்த முதலாளி வருத்தக்கார மனிசன். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சீவன் போட்டுது. அவ்வளவும்தான்.”

“அப்பிடியெண்டால் அது கொலைக்கதையே இல்லையடி.”

“இல்லாட்டிப் போகட்டும்.” சின்னக்கா மூச்சு எடுத்துக்கொண்டார். “எனக்குப் பிறகு அவருக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்? நீ அவரைக் கொலைகாரன் ஆக்கிப்போட்டு பிளேன் ஏறிப் போனியெண்டால், அந்த மனிசன் அந்த வீட்டுக்குள்ளை என்னெண்டு தனிய இருக்கும்? ஏற்கெனவே தான்தான் எண்டு நம்பிக்கொண்டிருக்குது.”

“கடைசிப் பக்கம் எழுதி முடிச்சாச்சு. நான் அதைத்தான் முதல் எழுதிறனான்.”

“திருத்து.”

“எழுதினதைத் திருத்திற பழக்கம் எனக்கில்லை.”

“திருத்து, அக்கா. ஒருத்தரையும் பிடிச்சு அடைக்காதை. உன்னையும் சேத்துத்தான் சொல்லுறன்.”

அக்கா மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். சொக்லேற் விற்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததையெல்லாம் வாசிக்கிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உவளுக்குக் கதை எழுதத் தெரியாது, பிள்ளை,” என்றார். “செத்த ஆள் இருந்தால் செய்த ஆளும் இருக்கவேணும். இல்லையெண்டால் நான் இவ்வளவு காலமும் என்னத்தை எழுதினனான்?”

நோயாளிகளோடு இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கேள்விக்கு எங்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தமுறை ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாரமே சின்னக்கா போய்விட்டார். காலை நேரம். கடை அண்ணை ஒரு கையையும் அக்கா மற்றக் கையையும் பிடித்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அக்கா தங்கைக்கு ஏதாவது சம்மதம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. யூனிட்டில் நானா என்னைக் கண்டதும் முதலில் இன்னாலில்லாஹி சொன்னார். பிறகு, “முடிவு என்னவாம், மகள்?” என்றார். தெரியாது நானா என்றேன்.

செத்தவீட்டன்று நான் மண்டபத்துக் கார்த் தரிப்பிடத்தில் இறங்கியபோது அக்கா குளிரில் நின்று கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நோர்வே மொழி. அவர் அந்த மொழியில் சண்டை பிடித்து அன்றுதான் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மறுமுனையில் இருப்பவர் கெஞ்சுகிறார் என்பதும், இவர் மறுக்கிறார் என்பதும் விளங்கியது. கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“புத்தகம் இந்த ஈஸ்டருக்கு வராதெண்டு சொல்லிப்போட்டன்,” என்றார். உள்ளே நடந்தார்.

எங்கள் சனம் செத்தவீட்டுக்கு வந்தால் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெட்டியைப் பார்த்து அழுதுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பிடி நடந்தது?” என்று கேட்பார்கள். முதலில் வந்தவர் கோயிலில் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கும் பெண்மணி. அவர் கேட்டதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்காவின் வாயை எல்லோருக்கும் தெரியும். என்ன சொல்வார் என்பதும் தெரியும். கடை அண்ணை அளவு பொருந்தாத கறுப்புக் கோட்டோடு பெட்டியருகில் நின்றார். கேள்வி காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்த ஆள்போல அரை அடி முன்னுக்கும் வந்தார்.

“தங்கச்சிக்குச் சின்ன வயசிலையே சலரோகம்,” என்றார் அக்கா. “பிறகு கிட்னி. பிறகு இருதயம். வருத்தந்தான் கொண்டுபோனது.” கடை அண்ணையைக் கையால் காட்டினார். “இவர் கடைசிவரைக்கும் வைச்சுப் பாத்தவர்.”

கடை அண்ணைக்கு அது உடனே விளங்கவில்லை. தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பெரிய சத்தமாக அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு துளி சிந்தாத மனிதர். அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

“அழுங்கோ, தம்பி. ஆனால் நிண்டுகொண்டு அழுங்கோ. சனம் வருகுது. எங்கள் ரெண்டுபேரையும் விட்டால் நிக்கிறதுக்கு வேற ஆக்கள் இல்லை.”

இரண்டுபேரும் வாசலருகே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அன்று டயாலிசிஸ் முடிந்து, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தவர் நானா. அவரும் கேட்டார். அக்கா வாயைத் திறக்குமுன் கடை அண்ணை முந்திக்கொண்டார்.

“வருத்தம், நானா. கிட்னி வருத்தம். ஒருத்தரிலையும் பிழையில்லை.”

நானா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஓம் என்று தலையாட்டினார்.